ஆபத்தான நாடுகளுக்கான அரசுப் பயண எச்சரிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிக்கெட் எடுத்த பிறகுதான் பலர் பயண எச்சரிக்கையைத் தேடிப் படிக்கிறார்கள். அதிலும் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் பயம், மஞ்சள் என்றால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற தெம்பு. உயிரைக் காக்கக்கூடிய தகவலோ அந்த நிறத்துக்குக் கீழே உள்ள வரிகளில் இருக்கிறது. அந்த வரிகளை எப்படிப் படிப்பது, எதை நம்பலாம், எதை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பயண எச்சரிக்கை என்றால் என்ன? அதில் என்ன இருக்கும்?

ஒரு நாட்டின் வெளியுறவுத் துறை தன் குடிமக்களுக்காக வெளியிடும் அறிவிப்பு அது. இன்னொரு நாட்டில் போர், பயங்கரவாதம், ஆள் கடத்தல், கலவரம், நோய், இயற்கைச் சீற்றம், காரணமில்லாத கைது என்று எந்தெந்த ஆபத்து எந்தெந்தப் பகுதியில் இருக்கிறது என்று அது சொல்லும். எல்லோருக்கும் தெரிந்தது இந்தப் பாதி.

மறுபாதியைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் எங்களால் எவ்வளவு உதவ முடியும் என்பதையும் அரசு அதில் சொல்லிவிடுகிறது. அமெரிக்கா 2012 பிப்ரவரியில் டமாஸ்கஸ் தூதரகத்தையும், 2015 பிப்ரவரியில் சனா தூதரகத்தையும், 2021 ஆகஸ்டில் காபூல் தூதரகத்தையும் மூடியது. அதற்குப் பிறகு அந்த நகரங்களில் பாஸ்போர்ட்டைத் தொலைத்த ஓர் அமெரிக்கருக்குப் போய்த் தட்டத் தன் நாட்டுத் தூதரகக் கதவு இல்லை. எச்சரிக்கை உச்சத்துக்குப் போகும்போது ஆபத்து கூடுகிறது, உதவிக்கு வரும் கை குறைகிறது, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பக்கங்கள் வேறு மாதிரித் தெரியும்.

நிலை 1, நிலை 4 என்கிறார்களே, அவை என்ன?

அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 ஜனவரியில் கொண்டுவந்த முறை நான்கு படிகள் கொண்டது. முதல் நிலை, வழக்கமான கவனம் போதும். இரண்டாவது, கூடுதல் கவனம் தேவை. மூன்றாவது, பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். நான்காவது, போகாதீர்கள். கூடவே காரணத்தைச் சொல்லும் குறியீட்டு எழுத்துகளும் உண்டு: குற்றம், பயங்கரவாதம், உள்நாட்டுக் குழப்பம், சுகாதாரம் என்று. ஆள் கடத்தலுக்கான குறியீட்டை 2019லும், அரசே வெளிநாட்டவரை அநியாயமாகப் பிடித்து வைப்பதற்கான குறியீட்டை 2022லும் சேர்த்தார்கள். முதல் இரண்டு நிலைகளை ஆண்டுக்கு ஒரு முறையும், மேல் இரண்டு நிலைகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறையுமாவது திருப்பிப் பார்ப்பது அவர்கள் நடைமுறை.

ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகியவையும் நான்கு படிகளையே வைத்திருக்கின்றன. பிரிட்டன் எண் போடுவதில்லை. ‘அத்தியாவசியம் தவிர மற்ற பயணம் வேண்டாம்’, ‘எந்தப் பயணமும் வேண்டாம்’ என்ற இரண்டு வாக்கியங்கள்தான் அங்கே முக்கியம். இந்தியா இப்படிப் படி வைத்துத் தரம் பிரிப்பதில்லை. வெளியுறவு அமைச்சகமோ அந்தந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகமோ நிலைமைக்கு ஏற்ற அறிவிப்பை எழுதி வெளியிடும். அதனால் இந்திய அறிவிப்புகளை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை உக்ரைன் கேள்வியில் சொல்கிறேன்.

‘போகாதீர்கள்’ என்று அரசு சொன்னால், போவது குற்றமா?

பெரும்பாலும் இல்லை. அது அறிவுரைதான். நீங்கள் போனால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அவை விளையாட்டல்ல.

வட கொரியாவில் சிறைவைக்கப்பட்டிருந்த அமெரிக்க மாணவர் ஓட்டோ வாம்பியர் நினைவிழந்த நிலையில் திருப்பி அனுப்பப்பட்டு, 2017 ஜூனில் இறந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமெரிக்க பாஸ்போர்ட் வட கொரியப் பயணத்துக்குச் செல்லாது என்று அறிவித்தார்கள். சிறப்பு அனுமதி பெற்ற பாஸ்போர்ட் இருந்தால்தான் போகலாம். இந்தியாவில் 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், 19ஆவது பிரிவு, இதேபோன்ற அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2017ல் ஏமன் பயணத்துக்கு அப்படித்தான் தடை வந்தது. ஆஸ்திரேலியா 2014ல் சிரியாவின் ரக்கா மாகாணத்தைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்தது. தக்க காரணம் இல்லாமல் அங்கே போவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக அப்போது இருந்தது.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அரசு எச்சரிக்கிறதா? சட்டம் தடுக்கிறதா? முதலாவதற்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் பதில் வந்தால், முடிவும் பொறுப்பும் உங்களுடையவை.

ஒரு நாடு முழுவதும் ஒரே அளவு ஆபத்தா?

அபூர்வமாகத்தான் அப்படி இருக்கும். தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் கோடிக்கணக்கானவர்கள் போய் வரும் நாடு. ஆனால் மலேசிய எல்லையை ஒட்டிய யாலா, பட்டானி, நராதிவாட் மாகாணங்களுக்குப் பல அரசுகள் கடுமையான எச்சரிக்கை வைத்திருக்கின்றன. மெக்சிகோவுக்கு அமெரிக்கா மாநிலம் மாநிலமாகத் தனி நிலை தருகிறது.

படிக்கும்போது என் வரிசை இதுதான். முதலில் தேதி: கடைசியாக எப்போது மாற்றினார்கள், எதை மாற்றினார்கள்? அப்புறம் வரைபடம்: நான் போகும் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது, ஏர்போர்ட்டிலிருந்து அந்த ஊருக்குப் போகும் சாலை எந்த நிறத்தில் இருக்கிறது? சாலையை மறந்துவிடுகிறார்கள் பலர். தலைநகர் பாதுகாப்பாக இருக்கும், போகிற ஊரும் பாதுகாப்பாக இருக்கும், நடுவில் உள்ள நெடுஞ்சாலையில் ஆள் கடத்தல் நடக்கும். பிறகு காரணம்: திருட்டு பயமா, குண்டு பயமா, கைது பயமா? திருட்டுக்கு நாம் கவனமாக இருந்து ஓரளவு தப்பலாம். அரசே பிடித்து உள்ளே போடும் நாட்டில் நம் கவனத்தால் பெரிய பயனில்லை. கடைசியாக, தங்கள் சொந்த ஊழியர்களுக்கு அவர்கள் என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்ற பத்தி. ‘எங்கள் ஊழியர்கள் இரவில் வெளியே போவதில்லை’, ‘கவச வண்டியில்தான் போகிறார்கள்’, ‘தலைநகரை விட்டு வெளியேற அனுமதி இல்லை’ என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். முழுப் பக்கத்திலும் நேர்மையான இடம் அதுதான் என்பது என் கருத்து.

அரசுக்குத் தெரிந்ததையெல்லாம் மக்களிடம் சொல்கிறார்களா?

இதற்குப் பின்னால் ஒரு துயரமான வரலாறு இருக்கிறது. 1988 டிசம்பர் 5ஆம் தேதி ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் விமானம் ஒன்றில் இரண்டு வாரத்துக்குள் குண்டு வைக்கப்படும் என்றார் பேசியவர். இந்தத் தகவல் சில தூதரகங்களுக்குப் போனது. மாஸ்கோ தூதரகத்தில் ஊழியர்கள் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டினார்கள். பொதுமக்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும் இறந்தார்கள்.

அந்த அழைப்பு வெறும் புரளி என்றும், குண்டுவெடிப்போடு அதற்குத் தொடர்பில்லை என்றும் விசாரணையில் முடிவு கட்டினார்கள். ஆனாலும் தூதரக ஊழியருக்கு ஒரு நியாயம், டிக்கெட் வாங்கிய பயணிக்கு ஒரு நியாயமா என்று இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்ட கேள்வி நின்றது. அதன் விளைவாக 1990ல் சட்டமே வந்தது. அரசு ஊழியர்களுக்குப் பரவலாகச் சொல்லும் ஆபத்துத் தகவலைப் பொதுமக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்பது அன்று முதல் அமெரிக்காவின் கொள்கை. இன்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து தூதரகப் பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்க முடிவதற்கு அந்தக் குடும்பங்கள் முக்கியமான காரணம்.

உளவுத் தகவலின் மூலம், ஆள் பெயர் போன்றவற்றை எந்த அரசும் வெளியே விடாது. ஆனால் காரணம் சொல்லாமல் திடீரென்று ஒரு நிலை உயர்ந்தால், சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இவற்றில் அரசியல் கலந்திருக்காதா?

கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. 2015 ஜூன் 26 அன்று துனிசியாவின் சூஸ் கடற்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 38 பேர் இறந்தார்கள், அவர்களில் 30 பேர் பிரிட்டன் நாட்டவர். இரண்டு வாரத்தில் பிரிட்டன் ‘அத்தியாவசியம் தவிர வேண்டாம்’ என்று அறிவித்தது. பிரான்ஸும் ஜெர்மனியும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரே நாடு, ஒரே ஆபத்து, இரண்டு விதமான முடிவு. பிரிட்டன் அதைத் தளர்த்த 2017 ஜூலை ஆனது. சுற்றுலாவை நம்பிப் பிழைத்த ஓட்டல்காரர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் அந்த இரண்டு ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கைக்கும் இதே நிலைதான் வந்தது.

நட்பு நாட்டுக்கு மென்மையாகவும் பகை நாட்டுக்குக் கடுமையாகவும் எழுதும் பழக்கம் எங்கும் உண்டு. அதற்கு எளிய மருந்து, மூன்று நான்கு அரசுகளின் பக்கங்களைச் சேர்த்துப் படிப்பது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அரசுகள் எல்லாமே ஒரே மாகாணத்தைச் சிவப்பாகப் போட்டிருந்தால் அங்கே அரசியலுக்கு இடமில்லை. இன்னொன்றும் செய்து பாருங்கள். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு நாட்டைப் பற்றி மற்ற அரசுகள் என்ன எழுதியிருக்கின்றன என்று படியுங்கள். எங்கே மிகைப்படுத்துகிறார்கள், எங்கே சரியாகச் சொல்கிறார்கள் என்று ஒரு அளவு பிடிபடும். அதே அளவை அறியாத நாட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம்.

ஆபத்து வரும் முன்பே எச்சரிக்கை வந்துவிடுமா?

சில நேரம் வரும், சில நேரம் வராது. இரண்டுக்கும் அண்மைக்கால உதாரணம் இருக்கிறது.

உக்ரைனில் வந்தது. 2022 பிப்ரவரி 11 அன்று பிரிட்டன் தன் மக்களிடம், விமானங்கள் ஓடும்போதே இப்போதே கிளம்புங்கள் என்றது. பிப்ரவரி 15 அன்று கீவ் நகரில் உள்ள இந்தியத் தூதரகம், தங்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. 20 அன்று அதே தூதரகம், எல்லா மாணவர்களும் தற்காலிகமாக வெளியேறும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று எழுதியது. ‘பரிசீலிக்கலாம்’ ஐந்து நாளில் ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’ ஆகிவிட்டது. 22 அன்று இன்னொரு அறிவிப்பு. ஆன்லைன் வகுப்பு நடக்குமா என்று மருத்துவப் பல்கலைக்கழகங்கள் உறுதிசெய்யட்டும் என்று மாணவர்கள் காத்திருந்தார்கள். அதற்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றது தூதரகம். 24 அதிகாலையில் போர் தொடங்கியது, வான்வெளி மூடப்பட்டது.

மார்ச் 2 அன்று கார்கிவ் நகரில் இருந்த இந்தியர்களுக்கு வந்த அறிவிப்பைப் படித்தால் இன்றும் மனம் கனக்கிறது. உடனே நகரை விட்டு வெளியேறுங்கள், மாலை 6 மணிக்குள் பெசோச்சின், பாபாய், பெஸ்லியுடிவ்கா ஆகிய இடங்களில் ஒன்றை அடைந்துவிடுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள் என்று தூரத்தையும் போட்டிருந்தார்கள். மிக அருகில் இருந்த இடமே 11 கிலோமீட்டர். குளிரில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே, 11 கிலோமீட்டர். சுமி நகரில் சிக்கிய சுமார் 700 மாணவர்கள் மார்ச் 8 அன்றுதான் பேருந்துகளில் வெளியே வர முடிந்தது. அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருகைப்பதிவு போய்விடும், கட்டிய பணம் போய்விடும், விமானக் கட்டணம் ஏறிக் கிடக்கிறது என்ற கவலைகள் எல்லாம் உண்மையானவை. ஆனால் அறிவிப்பின் வார்த்தைகள் வாரத்துக்குள் இப்படி இறுகும்போது, கடைசி அறிவிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

சூடானில் அந்த அவகாசமே கிடைக்கவில்லை. 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலை கார்ட்டூம் நகருக்குள் இரண்டு ராணுவப் பிரிவுகள் மோதின. முதல் நாளே ஏர்போர்ட் போர்க்களமானது. தூதரகங்கள் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் பல நாள் காத்திருந்துவிட்டு, 800 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாகப் போர்ட் சூடான் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள் பலர்.

அப்படியானால் கிளம்ப வேண்டிய நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

தூதரகம் தன் ஊழியர்களின் குடும்பங்களை வெளியே அனுப்பத் தொடங்கினால், அதுதான் மிகத் தெளிவான அறிகுறி. அமெரிக்காவில் இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு: விருப்பப்பட்டவர்கள் போகலாம் என்பது ஒன்று, கட்டாயம் போயாக வேண்டும் என்பது அடுத்தது. முதல் கட்டத்திலேயே டிக்கெட் பாருங்கள். ஒரு விமான நிறுவனம் அந்த ஊருக்கான சேவையை நிறுத்தினால் அடுத்த நிறுவனங்களும் நிறுத்துவதற்கு அதிக நேரம் ஆகாது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் போர் ஆபத்துக் கட்டணத்தை உயர்த்தும்போது விமானங்கள் தாமாகக் குறைந்துவிடும். ‘வழக்கமான விமானங்கள் கிடைக்கும்போதே’ என்ற சொற்றொடர் ஓர் அறிவிப்பில் வந்துவிட்டால், மீட்பு விமானத்துக்கு எங்களிடம் உறுதி கேட்காதீர்கள் என்று அரசு சொல்கிறது என்றே பொருள்.

சிக்கிக்கொண்டால் தூதரகம் என்ன செய்யும்? என்ன செய்யாது?

அவசரப் பயண ஆவணம் தரும். கைதானால் வந்து பார்க்க முயலும். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம், 36ஆவது பிரிவு, கைதான வெளிநாட்டவருக்குத் தன் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. கைதானவர் கேட்க வேண்டும், அது முக்கியம். வழக்கறிஞர் பட்டியல் கொடுக்கும். குடும்பத்துக்குத் தகவல் சொல்லும். சிறையிலிருந்து வெளியே கொண்டுவர அதனால் முடியாது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. உள்ளூர்ச் சட்டம் கொடூரமானதாக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது.

மீட்பு விமானம் என்பது உரிமையல்ல. 2015ல் ஏமனிலிருந்து இந்தியா நடத்திய ‘ராஹத்’ மீட்பில் 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களும், 40க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 960 வெளிநாட்டவரும் வந்தார்கள். பெரிய காரியம் அது. ஆனால் துறைமுகமும் ஏர்போர்ட்டும் சில மணி நேரமாவது திறந்திருந்ததால்தான் நடந்தது. அமெரிக்கச் சட்டப்படி மீட்கப்படுபவர் வழக்கமான விமானக் கட்டணத்துக்கு ஈடான தொகையைப் பிறகு திருப்பிக் கட்டுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும், சில நெருக்கடிகளில் மட்டும் அதைத் தள்ளுபடி செய்வார்கள்.

இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஈரானியர் ஒருவர் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டும் வைத்திருந்தால், அங்கே அவரை வெறும் ஈரானியராகத்தான் பார்ப்பார்கள். அந்த இன்னொரு நாட்டின் தூதரகத்தைப் பார்க்கவே விட மாட்டார்கள். தூதரகம் இல்லாத நாட்டில் வேறொரு நாடு பொறுப்பேற்பதும் உண்டு. அமெரிக்கர்களுக்காக ஈரானில் சுவிட்சர்லாந்தும் வட கொரியாவில் ஸ்வீடனும் அப்படிப் பேசுகின்றன.

டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன். போதாதா?

பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். உங்கள் அரசு ‘போகாதீர்கள்’ என்று சொன்ன பிறகு போனால், பல பாலிசிகள் மொத்தமாகவே செல்லாமல் போகும். அங்கே குண்டு வெடிக்க வேண்டாம், குளியலறையில் வழுக்கி விழுந்து கால் உடைந்தால்கூடப் பணம் வராது. போர் தொடர்பான இழப்பைப் பெரும்பாலான சாதாரண பாலிசிகள் விலக்கியே வைக்கின்றன. நீங்கள் போன பிறகு எச்சரிக்கை வந்தால், நியாயமான அவகாசத்தில் வெளியேறும் வரை பாதுகாப்பு தொடர்வது வழக்கம். எச்சரிக்கை வந்த பிறகு பாலிசி வாங்கினால் ‘முன்பே தெரிந்த நிகழ்வு’ என்று கைவிரிப்பார்கள். பத்திரிகையாளர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் ஆபத்தான பகுதிக்கென்றே தனி பாலிசிகள் விற்கிறார்கள். விலை அதிகம், ஆனால் மருத்துவ மீட்பு விமானம் அதில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கினால் அந்த விலைக்குத் தகும்.

எச்சரிக்கை வந்தால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா?

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் பெரும்பாலும் கிடைக்கும். விமானம் ஓடுகிறது, நீங்கள்தான் பயந்து போகவில்லை என்றால் டிக்கெட்டின் விதிமுறைப்படிதான். சும்மா கேட்டுப் பார்த்தால் தேதியை மாற்றித் தருபவர்களும் உண்டு, கேட்டுவிடுங்கள்.

எல்லாம் தெரியும், ஆனாலும் நான் போய்த்தான் ஆக வேண்டும். என்ன ஏற்பாடு செய்வது?

சாகக் கிடக்கும் பெற்றோரைப் பார்க்க, வேலைக்காக, நிவாரணப் பணிக்காக என்று போகத்தான் வேண்டியிருக்கும். அப்படிப் போகிறவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்பாட்டோடு போகட்டும்.

நான்காம் நிலை நாடுகளுக்குப் போகிறவர்களிடம் அமெரிக்க வெளியுறவுத் துறை என்ன செய்யச் சொல்கிறது தெரியுமா? உயில் எழுதி வையுங்கள். இன்சூரன்ஸில் வாரிசு பெயரைச் சரிபாருங்கள். குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது, ஈமச்சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று வீட்டில் பேசிவிடுங்கள். உங்கள் மரபணு மாதிரியை மருத்துவரிடம் விட்டுச் செல்லுங்கள், உடலை அடையாளம் காணத் தேவைப்படலாம். ஓர் அரசு அலுவலகம் இப்படி எழுதுகிறது என்றால் அது பயமுறுத்த அல்ல. இதையெல்லாம் செய்யாமல் போனவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் எழுதியது.

அதில் ஒன்று எல்லோருக்கும் உடனே பயன்படும். கடத்தினவர்கள் பேசும்போது, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று வீட்டார் உறுதிசெய்ய ஒரு கேள்வியும் பதிலும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, பள்ளிப் பெயர், நாய்க்குட்டியின் பெயர் வேண்டாம், சமூக வலைத்தளத்தில் அவை கிடைத்துவிடும். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பழைய சம்பவம் ஒன்று போதும். அதோடு, ஏதாவது நடந்தால் அரசிடமும் செய்தியாளர்களிடமும் யார் ஒருவர் பேசுவார் என்றும் முடிவுசெய்யுங்கள்.

போகும் முன் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவில் ‘ஸ்டெப்’, ஜெர்மனியில் ‘எலிஃபாண்ட்’ என்ற பதிவு முறைகள் இருக்கின்றன. இந்தியத் தூதரகங்களும் தங்கள் தளத்தில் பதிவுப் படிவம் வைத்திருக்கின்றன. உங்கள் பெயரே தெரியாவிட்டால் மீட்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பார்கள்? பாஸ்போர்ட் நகலைக் காகிதத்திலும் வைத்திருங்கள். வங்கிகள் மூடிவிடும், அதனால் கையில் ரொக்கம் வேண்டும், சிறிய நோட்டுகளாக. வெளியேற இரண்டு வழியாவது தெரிந்திருக்க வேண்டும், அவற்றில் ஒன்று தரைவழி. பக்கத்து நாட்டு விசா முன்கூட்டியே இருந்தால் இன்னும் நல்லது. தினமும் ஒரு குறித்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள். வராவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் எழுதி வைத்திருக்கட்டும்.

போனில் இருக்கும் படங்கள், அரசியல் பதிவுகள், அரட்டைக் குழுக்கள் ஆகியவற்றைக் கிளம்பும் முன் பாருங்கள். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்க்கும் நாடுகள் இருக்கின்றன. ராணுவ வண்டி, பாலம், ஏர்போர்ட் ஆகியவற்றைப் படம் எடுக்கவே வேண்டாம்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த நாட்டுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. போகலாமா?

நீங்கள் இறங்கும் நாட்டுக்கு எச்சரிக்கை இல்லாமல் இருக்கலாம். கொண்டுபோய் வைக்கும் இடம் வேறாக இருந்தால்? 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை, நல்ல சம்பளம் என்று விளம்பரம் செய்து, கணினி படித்த இளைஞர்களைக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுசென்று, அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அந்தப் பையன்கள் தாய்லாந்துப் பக்கத்தைப் படித்திருந்தால் பெரிதாக எதுவும் கண்ணில் பட்டிருக்காது. மியான்மரின் எல்லை ஊரான மியாவடிக்கும் தாய்லாந்துக்கும் நடுவே ஓர் ஆறுதான். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிற ஏஜென்ட், வேலை இடத்தின் முகவரியை எழுத்தில் தராத நிறுவனம், ‘அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்’ என்ற வார்த்தை, இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டாம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்டா என்று அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம்.

விமானம் அந்த நாட்டின் மேலே பறக்கும், அவ்வளவுதான். அதற்கும் கவலைப்பட வேண்டுமா?

வான்வெளி எச்சரிக்கை வேறு, பயண எச்சரிக்கை வேறு. 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்ஹெச்17 கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அன்று 32,000 அடி வரைதான் வான்வெளியை மூடியிருந்தார்கள். அந்த விமானம் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. இப்போது விமானப் பாதுகாப்பு அமைப்புகள் போர்ப்பகுதி வான்வெளிக்குத் தனி அறிவிப்புகள் தருகின்றன. பயணி செய்யக்கூடியது, பதற்றமான பகுதியைச் சுற்றிப் போகும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது.

பத்திரமாகப் போய் வந்துவிட்டேன். பிறகு ஏதும் சிக்கல் வருமா?

வரலாம். சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் இருந்தால் அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகலாம். ஆனால் 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரான், இராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா ஆகிய நாடுகளுக்குப் போயிருந்தால், சில விலக்குகள் தவிர, அந்தச் சலுகை போய்விடும், விசா எடுக்க வேண்டும். இஸ்ரேல் போன அடையாளம் பாஸ்போர்ட்டில் இருந்தால் லெபனான் உள்ளே விடாது.

என் மகன் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான். நாங்கள் வீட்டில் இருந்து என்ன செய்வது?

முதலில் அவருடைய போன் சார்ஜைக் காப்பாற்றுங்கள். பத்து உறவினர்கள் மாறி மாறிக் கூப்பிடாமல், ஒருவர் மட்டும், பேசி வைத்த நேரத்தில் பேசட்டும். முழுப் பெயர், பாஸ்போர்ட் எண், கடைசியாக இருந்த முகவரி, கூட இருப்பவர்கள், எடுக்கும் மருந்து ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, தூதரகத்தின் நெருக்கடி எண்ணுக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். இந்தியர்களுக்கு ‘மதத்’ இணையதளம் இருக்கிறது, அதில் பதிந்தால் எண் கிடைக்கும், அந்த எண்ணைச் சொல்லித் தொடர்ந்து கேளுங்கள். அவர் இருக்கும் கட்டடத்தின் பெயரையோ படத்தையோ சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். உங்களைப் போலவே மற்றவர்களும் அதைப் பார்ப்பார்கள். பணம் கொடுத்தால் எல்லை தாண்ட வைக்கிறேன் என்று அழைப்பு வந்தால், தூதரகத்திடம் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். தூதரகம் ‘இருக்கும் இடத்திலேயே இருங்கள்’ என்று சொன்னால், டிவியில் பார்த்ததை வைத்து ‘எல்லைக்கு ஓடு’ என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தெருவில் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் தூதரகத்துக்கும்தான் தெரியும்.